அட்டெண்டரம்மாவின் ஆடிப் பந்தி

அந்த அக்கா என் கடைக்குள் முதல்முறை வந்தபோது கையில் ஒரு மஞ்சப்பை நிறையப் பஞ்சு இருந்தது. நான் ஒரு புது லேப்டாப்பை வாடிக்கையாளருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். நேராக வந்து பையைக் கண்ணாடி மேசைமேல் கவிழ்த்தார். புது லேப்டாப்பின் கீபோர்டு முழுக்கப் பஞ்சு.

“இதான் நைனா, நீ போச்சுன்னு சொன்ன போர்டு” என்றார்.

அவருக்குப் பின்னால் நகரித் தறிக்காரர் ஒருவர் கூச்சத்தோடு நின்றிருந்தார். எங்கள் தெருக்காரர், சொந்தம்கூட. சேலை பார்டருக்கு டிசைன் போடுகிற கம்ப்யூட்டரை அந்த வாரம்தான் என்னிடம் கொண்டுவந்திருந்தார். போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், தானாக அணைந்துவிடும். நான் மூடியைக்கூடத் திறக்கவில்லை. மதர்போர்டு போய்விட்டது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அக்கா திறந்திருக்கிறார். பவர்லூம் ஓடுகிற வீட்டில் பறக்கிற பஞ்செல்லாம் விசிறிக்குள் போய்த் தலையணைபோல அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. சூடு தாங்காமல் அணைந்திருக்கிறது. சைக்கிள் பம்பால் ஊதி எடுத்திருக்கிறார், அவ்வளவுதான் வைத்தியம்.

“மூடியத் தொறந்தியா?” என்று கேட்டார்.

“அது வேற கம்ப்ளெய்ன்ட்டுக்கா. ரெண்டு மூணு பிரச்சினை இருந்துச்சி…”

“தொறந்தியா, தொறக்கலியா? அத்த மட்டும் சொல்லு.”

நான் கீபோர்டில் கிடந்த பஞ்சை ஊதினேன். லேப்டாப் பார்க்க வந்தவர் “அப்பறம் வரேன்” என்று எழுந்து போனார். அக்கா பஞ்சை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அதைப் பெருக்கி அள்ளுகிறவரை எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சல் இன்றைக்கும் முழுதாக அடங்கவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது. அப்போது அவர்மேல் எரிந்தேன்.

அவர் பேரை நான் எழுதப் போவதில்லை. அந்த உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன். காலேஜில் எல்லோருக்கும் அவர் அட்டெண்டரம்மா. திருப்பதியை ஒட்டி இருக்கிற ஓர் அரசுக் காலேஜ். கம்ப்யூட்டர் லேபைத் திறக்க வேண்டும், பெருக்க வேண்டும், மெஷின்களுக்கு உறை போட வேண்டும், பிள்ளைகள் போனபின் பூட்ட வேண்டும். அதுவும் நிரந்தர வேலை இல்லை, ஏஜென்சி வழியாகக் காண்ட்ராக்ட். தினமும் நகரியிலிருந்து பஸ்ஸில் போய்வருவார். பத்தாவது வரை தெலுங்கு மீடியம். பேசுவது தமிழ், எழுதுவது தெலுங்கு. ஆந்திர எல்லையோரம், எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் அப்படித்தான். லேபில் பிள்ளைகளுக்குப் பின்னால் துடைப்பத்தோடு நின்று நின்றே தொழிலைக் கற்றுக்கொண்டார். திரையில் வருகிற இங்கிலீஷ் எச்சரிக்கைகளை எழுத்துக்கூட்டிப் படித்து, தெலுங்கு எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். என்ன செய்தபோது சரியானது என்பதையும் பக்கத்தில் எழுதுவார். லெக்சரர்கள் அவரிடம் காபி வாங்கிவரச் சொல்லிக் குடித்து முடித்துவிட்டு, “இது ஏன் ஓடலன்னு பாரு” என்பார்கள். பார்த்துச் சரிசெய்வார். ஸ்டாஃப் மீட்டிங்கில் அவருக்கு நாற்காலி கிடையாது.

ஒரு விடுமுறையில் பழைய மாணவர்கள் சிலர் வந்து, விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ் பற்றி வகுப்பு எடுத்தார்களாம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், எத்தனை மெஷினில் வேண்டுமானாலும் போடலாம், தெரிந்தவர்களுக்குக் கொடுக்கலாம், பழைய கம்ப்யூட்டரிலும் நன்றாக ஓடும் என்று சொல்லியிருக்கிறார்கள். லெக்சரர்கள் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு போனார்கள். பெருக்க வந்த அக்கா லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவை வாங்கிக்கொண்டார். என் பிழைப்பில் மண் விழுந்தது அன்றைக்குத்தான்.

என் பிழைப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருப்பதியில் கடை வைத்து ரொம்ப வருஷம் ஆகிறது. எங்கள் தொழிலில் ‘போச்சு’ என்ற சொல்லைப்போல விலைபோகிற சரக்கு வேறு கிடையாது. போர்டு போச்சு, டிஸ்க் போச்சு, மாடல் பழசு, பார்ட்ஸ் வராது. இதைச் சொல்லக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். பழைய விண்டோஸுக்கு இனிமேல் அப்டேட் வராது என்று கம்பெனி அறிவித்தபோது எங்களுக்குத் தீபாவளிதான். ஓடிக்கொண்டிருக்கிற மெஷினைக் காட்டியே ‘போச்சு’ என்று சொல்லலாம். நானும் சொன்னேன். நல்ல வன்பொருளை, கை கால் விளங்குகிற மெஷினை, பாடையில் ஏற்றச் சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள்வார்கள். மெட்ராஸ், பெங்களூரிலிருந்தெல்லாம் வருவார்கள். அதே பஸ்ஸில் இப்போது சிலர் துணியில் சுற்றிய கம்ப்யூட்டரையும் மடியில் வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று காதில் விழுந்தது. ஆடி மாசம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதோ பந்தி நடக்கிறதாம். நான் வேவு பார்க்கப் போனேன்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் ரோட்டோரம் ஒரு சின்ன மண்டபம். அதன் முதலாளியின் பழைய லேப்டாப்பை அக்கா பிழைக்க வைத்திருந்தார். அதற்காக அந்த இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் சாப்பாட்டுக் கூடத்தின் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டார் முதலாளி. நீள மேசைகள், வரிசையாக நாற்காலி, சுவரோரம் பிளக், தலைக்குமேல் விசிறி. மேசையில் விரிக்கிற பேப்பர் ரோலைக்கூட விரித்திருந்தார்கள். இலை போடுகிற இடத்தில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். ஒவ்வொருவர் முன்னாலும் ஓர் இட்லித் தட்டு. கழற்றுகிற ஸ்க்ரூவைக் கழற்றின வரிசைப்படி ஒவ்வொரு குழியாகப் போட வேண்டும், மூடும்போது கடைசிக் குழியிலிருந்து எடுத்து வரவேண்டும். நான் கடையில் ஸ்க்ரூ தொலைத்துத் தொலைத்தே வாழ்ந்தவன். இட்லித் தட்டைப் பார்த்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

அங்கே அவர் ரிப்பேர் செய்வதில்லை. அதுதான் விசேஷம். முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு மேசைகளுக்கு நடுவில் நடப்பார். கொண்டுவந்தவர்தான் திறக்க வேண்டும், ஊத வேண்டும், துடைக்க வேண்டும், பென்டிரைவைச் செருக வேண்டும். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறவர் போன பந்தியில் உட்கார்ந்தவர். முதல் பந்தியில் மெஷின் சரியானவர் வீட்டுக்குப் போக முடியாது. இரண்டாம் பந்திக்குப் பரிமாற வேண்டும்.

“கல்யாணத்துல எப்பிடி? மொதப் பந்தில துன்னவன் வாளியத் தூக்கமாட்டானா? துன்னுட்டுக் கைய கழுவிகினு ஓடிட்டா அவன இன்னான்னு சொல்லுவாங்க?” என்று கத்துவார். மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அன்றைக்குப் பட்டுத் துண்டு போட்ட ஒரு பெரியவர் சந்தேகத்தோடு கேட்டார்: “சும்மா குடுக்கறாங்கன்னா இதுல ஏதோ கீதும்மா. திருட்டுச் சரக்கா?”

“இத்தினி நாளு உன் பொட்டில இருந்ததுதான் நைனா திருட்டு. போட்டுக் குடுத்தவரு அதோ தூணாண்ட நிக்கிறாரு, அவரக் கேளு.”

கூடமே திரும்பித் தூணைப் பார்த்தது. தூணோரம் நின்றது நான். அந்தப் பெரியவரும் என் வாடிக்கையாளர்தான். காசு கட்டாத விண்டோஸை நான்தான் போட்டுக் கொடுத்திருந்தேன். அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு வெளியே வந்தேன். பஸ் வரும்வரை அந்த அக்காவை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

மார்கழிப் பந்திக்கு வருவதெல்லாம் சந்தனக் கேஸ்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஆயுத பூஜைக்குத் தறிக்குப் பொட்டு வைத்துவிட்டு அதே கையால் கம்ப்யூட்டருக்கும் வைப்பார்கள். எங்கே வைப்பது? காற்றுப் போகிற துளை வரிசையாக, அழகாக இருக்கும், அங்கே அப்புவார்கள். இரண்டு மாசத்தில் அது காய்ந்து உள்ளே உதிரும். ஒரு தறிக்காரர் வீட்டு மெஷினுக்குள்ளிருந்து கட்டிச் சந்தனமும் கருகின சாமந்தி இதழும் எடுத்தார்களாம். “சாமிக்கு மூக்க அடைச்சி யாராச்சும் பூஜ பண்ணுவாங்களா?” என்று அக்கா கேட்க, அந்த வீட்டுக்காரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டதாகச் சொன்னார்கள். இதைக் கேட்டு நானும் சிரித்தேன், கடையில் தனியாக இருந்தபோது.

அக்காவின் கோபத்துக்கு ஆள் வித்தியாசம் கிடையாது. புத்தூர் டாக்டர் ஒருவர் காரில் வந்தார். லேப்டாப் சரியானதும், கிளினிக்கில் ஆள் காத்திருக்கிறது என்று எழுந்தார். அக்கா சார்ஜரைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

“உக்காரு சார். அந்த அம்மாளுக்கு ஃபேன் கழட்டத் தெரியல, சொல்லிக் குடுத்துட்டுப் போ.”

“நான் டாக்டர்ம்மா.”

“அதான் கேக்கறேன். நீ கைய வச்சா கட்டு நல்லா இருக்கும்ல?”

டாக்டர் முறைத்தார், உட்கார்ந்தார், பூ விற்கிற ஓர் அம்மாளுக்கு விசிறி கழற்றக் கற்றுக்கொடுத்துவிட்டுச் சார்ஜரை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் கூப்பிடாமலே வந்தார் என்று சொன்னார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு டாக்டரை இப்படிப் பேசலாமா என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அவர் தப்பே செய்யாதவர் என்று எழுதினால் அவரே வந்து அடிப்பார். ஒருமுறை அவசரத்தில் ஒரு தறிக்காரரின் டிஸ்க்கை நகல் எடுக்காமல் அழித்துவிட்டார். மூன்று வருஷத்துப் பார்டர் டிசைன்கள் போய்விட்டன. இது நடந்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! இனி யார் போவார்கள் பந்திக்கு என்று நினைத்தேன். அக்கா என்ன செய்தார் தெரியுமா? அந்தத் தறியில் நெய்த சேலைகளைத் தேடிக்கொண்டு புறப்பட்டார். அந்த டிசைன்களெல்லாம் தெருவில் யாரோ ஒருத்தர் இடுப்பில் இருந்தன. கொழுந்தியா, நாத்தனார், சம்பந்தி வீடு, நாராயணவனத்தில் கட்டிக்கொடுத்த பெண் என்று வீடு வீடாகப் போய்ச் சேலையை இரவல் வாங்கினார். முந்தானையையும் பார்டரையும் ஸ்கேனரில் விரித்துப் படமெடுத்து, தறிக்காரரோடு உட்கார்ந்து கட்டம் கட்டமாகத் திரும்ப வரைந்தார். சில மாசம் ஆயிற்று. எல்லாச் சேலையையும் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு பந்தியில் முதல் வேலை நகல் எடுப்பது. எடுக்காமல் தொட்டவர் கையில் ஸ்கேலால் அடிப்பார், வயசெல்லாம் பார்க்க மாட்டார்.

இனி அந்த லேப் கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

காலேஜ் லேபில் முப்பத்திரண்டு கம்ப்யூட்டர்கள். புது மெஷின் வாங்க மேலிடத்திலிருந்து தொகை வந்திருந்தது, மார்ச்சுக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். புதுசு வாங்க வேண்டுமென்றால் பழசு உதவாது என்று எழுதித் தள்ளுபடி செய்ய வேண்டும். அதைக் கண்டம் பண்ணுவது என்பார்கள். அதற்கு ஒரு கமிட்டி: பிரின்சிபால், ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட், வெளியிலிருந்து தொழில் தெரிந்த ஒருவர். அந்த ஒருவர் நான். புது மெஷின் விற்கப் போகிறவனும் நானே. இதில் யாருக்கும் எந்தக் கூச்சமும் இருக்கவில்லை. எனக்கும் இல்லை.

அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. முப்பத்திரண்டையும் லினக்ஸுக்கு மாற்றி, பஞ்சு தூசி எடுத்து, விசிறி மாற்றி வைத்திருந்தார். பிள்ளைகள் அதில்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். பிரின்சிபாலிடம் போய் இரண்டே வேண்டுகோள் வைத்தார். ஓடுகிறதை ஓடட்டும் என்று விடுங்கள். வேண்டாமென்றால் நகரிப் பக்கத்து ஹைஸ்கூல்களுக்குக் கொடுங்கள், நான் வேனில் ஏற்றிக்கொண்டு போய் மாட்டிக் கொடுக்கிறேன். பிரின்சிபால் ரூல் இல்லை என்றார். டிஸ்க்கில் காலேஜ் விவரங்கள் இருக்கின்றன, வெளியே போகக் கூடாது, உடைத்துத்தான் போட வேண்டும். டிஸ்க்கைத் துடைத்துத் தருகிறேன் என்றார் அக்கா. அதற்கும் ரூல் இல்லை.

ஓடுகிற மெஷின் ஓடவில்லை என்று எழுத மூன்று பேர் கையெழுத்தும், நாலு நகலும், ரப்பர் ஸ்டாம்பும் வைத்திருக்கிறார்கள். ஓடுகிறது என்று எழுத ஒரு ஃபாரம் கிடையாது. இந்த நாட்டில் ஒரு பொருளைக் காப்பாற்ற எந்த மேசையில் போய் நிற்பது என்று யாராவது எனக்குச் சொல்லட்டும்.

கமிட்டி வந்த காலையில் லேப் கதவு திறந்திருந்தது. உள்ளே முப்பத்திரண்டு திரைகளும் எரிந்துகொண்டிருந்தன. பாதியில் தெலுங்கு, பாதியில் தமிழ். மேசைகள் துடைத்து, ஒயர்கள் கட்டி, ஒவ்வொன்றிலும் நம்பர் ஒட்டியிருந்தது. அக்கா வெளுத்த சுங்குடிச் சேலையில் கதவோரம் நின்றார். அன்றைக்குக் கத்தவில்லை.

“எல்லாம் ஓடுது சார். எதுல வேணும்னாலும் உக்காந்து பாருங்க.”

யாரும் உட்காரவில்லை. பிரின்சிபால் என் பக்கம் திரும்பி, “மீரே செப்பண்டி” என்றார். நீங்களே சொல்லுங்கள் என்று அர்த்தம். என்ன சொல்ல வேண்டும் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

அக்காவும் என்னைப் பார்த்தார். “சொல்லு நைனா. நீ தறி வூட்டுப் புள்ள. உனக்குத் தெரியும், நல்லாத்தான் கீது.”

எனக்குத் தெரியும். நன்றாகத்தான் இருந்தன. என் கடையில் விற்கிற புதுசில் சிலது அவ்வளவு வேகமாகத் திறக்காது. நான் பேனாவை எடுத்து மூன்று வரி எழுதினேன். கருவிகள் காலாவதியானவை. பழுது பார்ப்பது கட்டுபடியாகாது. அனுமதி பெறாத மென்பொருள் ஏற்றப்பட்டுள்ளது.

முதல் இரண்டு வரி வியாபாரத்துக்காக எழுதியது. அந்தப் பொய்யைத் தினம் சொல்கிறவன், கை பழகியிருந்தது. மூன்றாவது வரியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. மஞ்சப்பைப் பஞ்சும் தூணோரம் பட்ட அவமானமும் சேர்ந்து அதை எழுதின. எழுதியபோது ஒரு திருப்தி இருந்தது. அதை மறைத்து என்ன பயன்?

அந்த மூன்றாவது வரிதான் வேலை செய்தது. அரசுச் சொத்தில் அனுமதியில்லாமல் கை வைத்தார் என்று ஏஜென்சிக்குக் கடிதம் போயிற்று. ஏஜென்சிக்காரன் போனில் சொன்னானாம்: “நாளையிலேர்ந்து வராதம்மா.” விளக்கம் கேட்கவில்லை, விசாரணை இல்லை. எத்தனையோ வருஷம் பெருக்கின அறையின் சாவியைச் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். காபி வாங்கிக் குடித்த லெக்சரர்களில் ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. திரை நின்றுபோனால் ராத்திரியில்கூட அவருக்குப் போன் போட்டவர்கள்! நன்றி என்ற பழக்கமே இல்லாத கூட்டம். அந்தக் கூட்டத்தில் முதல் ஆள் நான்.

இரண்டு நாள் கழித்து என் கடைக்கு வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

“வேல போனது போவட்டும். ஒண்ணு மட்டும் சொல்லு. லாரி என்னிக்கு வருது?”

“எந்த லாரிக்கா?”

“மெஷின எடுக்கற லாரி. உன்னக் கேக்காம வராது. என்னிக்கு?”

வெள்ளிக்கிழமை காலை என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். “ஏன்டா அப்பிடி எழுதின” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தீர்த்திருப்பேன். கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலேஜ் பின்புறம், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் முப்பத்திரண்டையும் கொண்டுவந்து வரிசையாக வைத்திருந்தார்கள். இரும்புக் கடைக்காரரின் ஆட்கள் இருவர் சம்மட்டியோடு நின்றார்கள். உடைப்பதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும் என்று ரூல். படம் எடுக்கிற வேலை எனக்கு.

அக்கா கேட்டைத் தாண்டி வந்தார். கையில் ஒன்றுமில்லை. சூப்பரின்டென்டென்டிடம் கேட்டார்: “ஒடைக்கிறதுதானே சார்? உள்ள இருக்கற மெமரி கார்டயாச்சும் கழட்டிக்கறேன். வேற மெஷினுக்கு ஆவும். ஒரு மணி நேரம் குடுங்க.”

“லிஸ்ட்ல இருக்கறபடியே உடைக்கணும்மா. ஒண்ணு கொறஞ்சாலும் என் தலைக்கு வரும்.”

“ஒடைச்சதுக்கு அப்பால யார் சார் எண்ணப் போறாங்க?”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா நடந்து போய் அந்த வரிசைக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தார். போராட்டம் எதுவும் இல்லை, காலை நீட்டி உட்கார்ந்தார், நிற்க முடியாதவர் உட்கார்கிற மாதிரி. பிறகு சம்மட்டிக்காரர்களிடம் பேசத் தொடங்கினார்.

“இது ஏழாம் நம்பரு. இதுக்கு ஃபேன் நான் மாத்தினது. பதினொண்ணு கொஞ்சம் மெதுவா எழுந்திருக்கும், பொறுமையா இருந்தா ஓடும். இருபதுல ஒரு பொண்ணு புராஜெக்ட் பண்ணிச்சி, இப்ப வேலைக்குப் போவுது. முப்பதுல எப்பவும் சத்தம் வரும். அது கெட்ட சத்தம் இல்ல.”

சம்மட்டிக்காரர்கள் அவரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அதில் மூத்தவர், “யம்மா, எழுந்திரும்மா, எங்களுக்கு மட்டும் ஆசையா?” என்றார் கெஞ்சலாக. சூப்பரின்டென்டென்ட் என்னைப் பார்த்து, “போட்டோ எடுங்க, நேரமாவுது” என்றார். நான் போனைத் தூக்கி எடுத்தேன். செக்யூரிட்டி வந்து அக்காவின் கையைப் பிடித்தான். தினம் அவருக்குச் சாவி கொடுக்கிறவன்தான். அவர் அவன் கையை உதறிவிட்டுத் தானாக எழுந்து, சேலையில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டு நடந்து போனார். கேட்டை அவர் தாண்டுமுன் முதல் அடி விழுந்துவிட்டது. தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

புது மெஷின்களை நான்தான் இறக்கினேன். அந்த அக்கா இப்போது சத்தியவேடு பக்கம் செல்போன் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் இருப்பதாகச் சொல்கிறார்கள். புதுப் போனைப் பெட்டியில் போட்டு மூடுகிற வேலை. எனக்கு இதைக் கேட்டதும் யாரையாவது அறைய வேண்டும்போல இருந்தது. யாரை என்றுதான் நன்றாகத் தெரியுமே. ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் இருப்பதால் போன ஆடியில் அவரால் வர முடியவில்லை. டாக்டரும் பூக்கார அம்மாளும் சேர்ந்து கூடத்தைத் திறந்து நடத்தினார்களாம். எனக்கு அங்கே போகத் தைரியம் வரவில்லை. நண்பர்கள் சொல்கிறார்கள், நீ எழுதாவிட்டால் வேறு ஒருத்தன் எழுதியிருப்பான் என்று. அப்படியென்றால் அந்த வேறொருத்தன் இப்போது உட்கார்ந்து இதை எழுதட்டும். நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரின்சிபால் அறையில் உட்கார்ந்து படங்களை அனுப்பினேன். உடைப்பதற்கு முந்தின படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர், போனை என்னிடம் திருப்பிக் காட்டினார். முப்பத்திரண்டு பெட்டிகள் வரிசையாக இருந்தன. அவற்றின் முன்னால் மண்ணில் காலை நீட்டிக்கொண்டு அக்கா, வாய் பாதி திறந்தபடி, ஏதோ ஒரு நம்பரைச் சொல்லிக்கொண்டு.

“இது ஃபைலுக்குப் போகக் கூடாது. சரி பண்ணிக் கொடுங்க.”

எனக்குத் தெரிந்த வேலை. அக்காவின் லேபில் ஓடின அதே மாதிரிப் பழைய மெஷின் ஒன்று ஆபீஸ் மூலையில் இருந்தது, அதில் உட்கார்ந்தேன். அக்கா இருந்த இடத்தை மண்ணால் மூடினேன். காலை எடுத்தேன், கையை எடுத்தேன், முகத்தை எடுத்தேன். சரிபார்க்கும்போது ஓரத்துப் பெட்டிமேல் அவர் நிழல் விழுந்திருப்பது தெரிந்தது. அதையும் எடுத்துவிட்டுத்தான் கொடுத்தேன்.